ஃபீட் பம்பும் மூணாறு தலைப்பும்

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நிற்காத லாரி ஓட்டுநர் எங்கள் பக்கத்தில் யாரும் இல்லை. தஞ்சாவூரிலிருந்து திருவாரூர் போகும் ரயில் பாதையும் மன்னார்குடிக்குப் பிரியும் பாதையும் சேருமிடம் அது. பயணிகள் ரயில் வந்தாலும் மூடுவார்கள், நெல் ஏற்றும் சரக்கு ரயிலின் பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தும்போதும் மூடுவார்கள். மாசி முதல் வாரத்தில் ஒரு காலை, அந்தக் கேட்டுக்கு முன்னால் ஆறாவது வண்டியாக நின்றிருந்தேன். பின்னால் 240 சிப்பம் சம்பா நெல். சிப்பத்துக்கு 40 கிலோ. ஆக 9,600 கிலோ. கேட் திறந்தது. முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டேன். வண்டி இரண்டு முழம் நகர்ந்து, புரை ஏறியவனைப் போல இரண்டு முறை விக்கி, நின்றுவிட்டது.

பின்னால் பள்ளிக்கூட வேன், அதற்குப் பின்னால் பஸ், அதற்கும் பின்னால் கண்ணுக்கு எட்டிய வரை வண்டிகள். ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. கிளீனர் தம்பி நான் சொல்வதற்கு முன்பே குதித்து, எஞ்சின் பக்கம் கையை விட்டு, டீசலைக் கையால் இழுத்து ஏற்றும் பிரைமரை அடிக்க ஆரம்பித்தான். அவன் கை அந்த வேலைக்குப் பழகியிருந்தது. எத்தனை அடி அடித்தான் என்று எண்ணினேன், அறுபது. செல்ஃப் போட்டேன், எஞ்சின் பிடித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தாமல், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடப்பது போல வண்டியை நகர்த்தித் தண்டவாளத்தைத் தாண்டினேன். தாண்டும் வரை மூச்சு விடவில்லை. இருநூறு மீட்டர் தள்ளி, சாலையோரத் தூங்குமூஞ்சி மரத்தடியில் ஓரம் கட்டியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்டவாளத்தின் நடுவில் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அன்று இரவு வரை என்னை விடவில்லை.

என் வண்டி ஆறு சிலிண்டர் கொண்ட பழைய டாடா. ஆறு சக்கரம். வரிசைப் பம்ப் வைத்த எஞ்சின், அதாவது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசிலுக்கும் ஆறு தனிப் பிளஞ்சர்களை (தள்ளு தண்டுகளை) ஒரே வரிசையில் வைத்த எஃப்ஐபி. டீசலை அழுத்தி நாசிலுக்கு அனுப்பும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன் பம்பைத்தான் அப்படிச் சொல்வோம். அறுவடைக் காலத்தில் கொள்முதல் நிலையங்களிலிருந்து நெல்லை எடுத்துக் கிடங்குக்கோ, நீடாமங்கலம் சரக்கு ரயிலுக்கோ கொண்டு சேர்ப்பது என் தொழில். மற்ற நாட்களில் உரம், மணல், செங்கல், கிடைத்தது எல்லாம்.

நோய் ஐப்பசியிலேயே ஆரம்பித்துவிட்டது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் எடுத்தால் ஸ்டார்ட் ஆகாது. பிரைமரைப் பத்து அடி அடித்தால் பிடித்துக்கொள்ளும். பிறகு நாள் முழுவதும் ஒரு குறையும் இல்லை. கார்த்திகையில் பத்து அடி இருபதானது. லோடு இல்லாமல் ஓடினால் வண்டி பழையபடிதான் இருக்கும். லோடு ஏற்றினால், அதுவும் பாலத்தின் ஏற்றத்தில், நான்காவது கியரில் இழுக்க வேண்டிய வண்டி மூன்றாவதுக்கு இறங்கும். எங்கள் சீமையில் மலை கிடையாது. ஏற்றம் என்றால் ஆற்றுப் பாலத்தின் ஏற்றமும் ரயில்வே மேம்பாலமும்தான். சமவெளியிலேயே ஓடும் வண்டிக்கு இழுவை குறைவது சட்டென்று தெரியாது. மலைப்பாதையில் ஓடுகிறவன் ஒரே நாளில் கண்டுபிடிப்பதை நாங்கள் மூன்று மாதம் சுமந்துகொண்டு திரிவோம்.

முதலில் டீசல் பில்டரை மாற்றினேன். இரண்டு நாள் நன்றாக இருந்தது போல் தோன்றியது, பிறகு பழைய கதை. அடுத்து ஒரு பணிமனைக்குப் போனேன். இழுவை இல்லை, காலையில் எடுக்கவில்லை என்று சொன்னேன். எஃப்ஐபியைக் கழற்றி அளவு வைக்க வேண்டும், நாசில்களையும் பார்க்க வேண்டும் என்றார்கள். சரி என்றேன். இரண்டு நாள் வண்டி அங்கே நின்றது. நல்ல தொகை செலவானது. வேலையில் குறை இல்லை. புகை குறைந்தது, ஐட்லிங் சீரானது. ஆனால் காலையில் பிரைமர் அடிப்பது மட்டும் நிற்கவில்லை. இதை இன்று எழுதும்போதும் எனக்கு வலிக்கிறது. பணம் போனதைவிட, அங்கேயே இன்னொரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பதுதான் வலி. இருபது அடி அடித்தால் பிடிக்கிறது என்ற ஒரு செய்திக்குள் விடை முழுவதும் இருந்தது. அதை யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை, நானும் அழுத்திச் சொல்லவில்லை.

காது கொடுத்த ஒருவர் இருந்தார், என் அப்பா. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். இப்போது கண் பார்வை மங்கிவிட்டது. மார்கழியில் ஒருநாள் வாசலில் வைத்து, எஞ்சின் ஆயிலின் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துணியில் துடைத்தேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தவர் அந்தத் துணியைக் கேட்டு வாங்கி மூக்கில் வைத்தார். "ஆயிலில் டீசல் வாசனை வருகிறதே, தம்பி" என்றார். பில்டர் மாற்றிய கையோடு துடைத்தேன், அந்த வாசனைதான் என்று சொல்லி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவர் மறுபடியும் எதுவும் சொல்லவில்லை.

மரத்தடிக்கு வந்த மெக்கானிக் கூத்தாநல்லூர்ப் பக்கத்துக்காரர். நாங்கள் எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுவோம். இருசக்கர வண்டியில் ஐந்து லிட்டர் கேன், இரு கை விரித்த நீளத்துக்குக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூப், ஒரு துணிப்பையில் ஸ்பேனர்கள். வந்தவுடன் ஸ்பேனரைக் கையில் எடுக்கவில்லை. ஐப்பசியிலிருந்து நடந்ததை முழுக்கச் சொல்லச் சொன்னார். எஃப்ஐபி வேலை பார்த்ததைச் சொன்னபோது தலையை ஆட்டினார். பிறகு கேட்டார்:

"தம்பி, கடைமடையில் வயல் காய்கிறது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எங்கே போவாய்? கடைமடை வாய்க்காலை வெட்டிக்கொண்டே இருப்பாயா, ஆறு பிரிகிற தலைப்பு வரைக்கும் நடந்து பார்ப்பாயா?"

எங்களுக்குப் பாமணியாற்றுப் பாசனத்தில் மூன்று மா நிலம் இருக்கிறது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் உள்ள மூணாறு தலைப்பில் வெண்ணாறு வந்து, வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. தண்ணீர் வராத வருடங்களில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே மேலே நடந்து, எந்த மதகில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்தவன் நான். மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறந்தார்கள் என்ற செய்தி வயலுக்குத் தண்ணீர் ஆகாது. வழியில் ஒவ்வொரு தலைப்பும் திறந்திருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். அது தெரிந்த நான், வண்டிக்கு மட்டும் கடைமடையான நாசிலிலிருந்து வெட்ட ஆரம்பித்திருந்தேன்.

டீசலின் வழியைச் சொல்லிவிடுகிறேன். டேங்கிலிருந்து ஒரு குழாய். அது ஃபீட் பம்புக்கு வருகிறது. ஃபீட் பம்ப் தள்ளுவது பில்டர்களுக்குப் போகிறது. பில்டரிலிருந்து எஃப்ஐபி. எஃப்ஐபி அளந்து, அழுத்தி, நாசில்களுக்கு அனுப்புகிறது. தேவைக்கு மேல் வந்த டீசல் திரும்பும் குழாய் வழியாக டேங்குக்கே போய்விடுகிறது. பாய் சொன்ன ஆற்று உவமை ஓர் இடத்தில் மட்டும் பொருந்தாது. ஆறு பள்ளத்தை நோக்கித் தானாக ஓடும். டேங்க் பம்பைவிடத் தாழ்வாக இருப்பதால் டீசலை யாராவது மேலே இழுத்தாக வேண்டும். அந்த இழுக்கிற வேலை முழுவதும் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் ஃபீட் பம்புடையது.

நாசில் டீசலைப் பீய்ச்சுவது 200 பாருக்கு மேற்பட்ட அழுத்தத்தில். ஃபீட் பம்ப் கொடுப்பது ஏறக்குறைய ஒன்று, ஒன்றரை பார்; மோட்டார் சைக்கிள் டயரில் அடிக்கும் காற்றைவிடக் குறைவு. அதனால்தான் அதை யாரும் மதிப்பதில்லை. விலையும் எஃப்ஐபி வேலைச் செலவின் பக்கத்தில் நிற்காது. ஆனால் அந்த ஒன்றரை பார் வராவிட்டால், எஃப்ஐபியின் அறைகள் நிரம்பாது. நிரம்பாத அறையை எவ்வளவு அழுத்தினாலும் நாசிலில் என்ன வரும்?

பாய் செய்த முதல் சோதனை மிக எளிது. கேனில் சுத்தமான டீசல் ஊற்றிக் கேபின் படியில் வைத்தார். டேங்கிலிருந்து வரும் குழாயை ஃபீட் பம்பின் வாயிலிருந்து கழற்றிவிட்டு, அந்த இடத்தில் பிளாஸ்டிக் டியூபை மாட்டி, மறுமுனையைக் கேனுக்குள் விட்டார். இப்போது டேங்க், டேங்கின் மூடித் துளை, அடியில் ஓடும் நீளக் குழாய், அதன் இணைப்புகள் எல்லாம் ஒரேயடியாகக் கணக்கிலிருந்து விலகிவிட்டன. எஞ்சினை ஓடவிட்டு ஆக்சிலேட்டரை அழுத்தச் சொன்னார். எஞ்சின் எகிறி, மறுபடியும் விக்கியது. டியூபில் காற்றுக்குமிழி ஒன்றுகூட இல்லை. டீசல் அசைந்ததே தவிர ஓடவில்லை.

"டேங்க் பக்கம் குற்றமில்லை" என்றார் பாய். கேன் டீசலில் எஞ்சின் சீராக ஓடியிருந்தால் கதை வேறு. இழுக்கும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் டீசல் வெளியே ஒழுகாது. காற்று உள்ளே போகும். ஈரமே தெரியாத ஓட்டை அது. பம்ப் செட் வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. கிணற்றுக்குள் குழாயின் நுனியில் இருக்கும் ஃபுட் வால்வு கசிந்தால் இரவில் குழாய்த் தண்ணீர் எல்லாம் கிணற்றுக்குள் இறங்கிவிடும், காலையில் குடம் குடமாக ஊற்றி, சில சமயம் சாணியைக் கரைத்து ஊற்றி, அதற்குப் பிறகுதான் மோட்டாரைப் போட முடியும். என் லாரி மூன்று மாதமாகக் காலையில் கேட்டுக்கொண்டிருந்ததும் அந்தக் குடத்துத் தண்ணீரைத்தான்.

அடுத்த சோதனைக்கு ஃபீட் பம்பின் வெளிவாயைக் கழற்றி, அதற்கு நேரே தண்ணீர் பாட்டிலை வெட்டிப் பிடித்துக்கொண்டார். என்னைச் செல்ஃப் மட்டும் போடச் சொன்னார். நல்ல பம்ப் ஒவ்வொரு சுற்றுக்கும் துடித்துத் துடித்துப் பீய்ச்ச வேண்டும். இது வாய் ஓரத்தில் வழிந்தது. பாட்டிலின் அடி நனைவதற்கே நேரமெடுத்தது.

பம்பைக் கழற்றுமுன் அந்தப் பகுதி முழுவதையும் பிரஷால் டீசல் தொட்டுக் கழுவினார். பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவசரம். வானம் கிழக்கே மூடிக்கொண்டிருந்தது, தார்ப்பாய் பழையது, நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதம் பார்த்து எடுத்தது. நனைந்தால் அந்தக் கணக்கெல்லாம் போய்விடும். அவர் அவசரப்படவில்லை. குழாயின் வாய் திறந்திருக்கும்போது விழும் ஒரு மண்துகள் நாளைக்கு இன்னொரு வேலை ஆகும் என்றார். பிறகு எஞ்சினை மெல்லச் சுற்றி, உள்ளே சுற்றும் மேடான தள்ளுச் சக்கரமான கேம், பம்பைத் தள்ளாத நிலைக்குக் கொண்டுவந்தார். மூன்று நட்டுகள். பம்ப் கையோடு வந்தது.

அங்கேயே கேபின் படியில் நாளிதழைப் பரப்பி அதைப் பிரித்தார். இந்த இடத்தை நான் மெதுவாகச் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு பிளஞ்சர், ஒரு ஸ்பிரிங், உள்வாயில் ஒரு வால்வு, வெளிவாயில் ஒரு வால்வு. எஃப்ஐபியின் கேம் சுற்றும்போது பிளஞ்சரை ஒரு பக்கம் தள்ளுகிறது. டீசலை வெளியே தள்ளும் வேலையைக் கேம் செய்வதில்லை. திரும்பி வரும்போது ஸ்பிரிங்தான் அதைச் செய்கிறது. அதே ஓட்டத்தில் புதிய டீசலை உள்ளே இழுத்தும் கொள்கிறது. எஞ்சினுக்கு டீசல் குறைவாகத் தேவைப்பட்டால் வெளியே அழுத்தம் ஏறும், ஸ்பிரிங் பாதியோடு நின்றுவிடும், பிளஞ்சர் முழுதும் திரும்பாது. தேவை கூடினால் முழுதும் திரும்பும். தேவைக்கேற்பத் தன்னைத் தானே அளந்துகொள்ளும் இந்தப் பம்பில் ஒரு கம்பிச் சுருளைத் தவிர வேறு கட்டுப்பாட்டுக் கருவியே கிடையாது. இதை யோசித்தவரின் கையைத் தொட்டுக் கும்பிட வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

என் பம்பின் ஸ்பிரிங் ஒரு சுற்றில் உடைந்திருந்தது. உடைந்த முனை அடுத்த சுற்றின் மேல் ஏறி உட்கார்ந்து, பளபளவென்று தேய்ந்திருந்தது. ஐட்லிங்கில் எஞ்சினுக்குத் தேவை கொஞ்சம், அரை ஸ்பிரிங் போதும். பாலத்தில் லோடோடு ஏறும்போது தேவை முழுது, கொடுப்பது பாதி. மூன்று மாதத்தின் விளக்கம் முழுவதும் அந்தச் சுண்டுவிரல் நீளக் கம்பியில் இருந்தது.

காலையில் எடுக்காததற்கு விளக்கம் வால்வில் இருந்தது. உள்வாய் வால்வைப் பாய் விரல் நுனியில் கவிழ்த்தபோது, அதன் முகத்தில் பொன் நிறத்தில் ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்து வெயிலில் காட்டினார். நெல் உமி. ஒரு முழு உமிகூட இல்லை, அதன் நுனிச் சிராய். வால்வு முழுதாக மூட முடியாமல் அந்தச் சிராய் குறுக்கே படுத்திருந்தது. இரவு முழுவதும் டீசல் மெல்ல டேங்குக்கு இறங்கியிருக்கிறது.

எப்படி வந்தது என்பதும் எனக்குத் தெரியும். குறுவை அறுவடையின்போது களத்துமேட்டில் டீசல் தீர்ந்து, அறுவடை இயந்திரத்துக்கு வைத்திருந்த பீப்பாயிலிருந்து ஒரு கேன் கடன் வாங்கி ஊற்றினோம். காற்றில் தூசியும் உமியும் பறந்துகொண்டிருந்தன. வடிகட்டத் துணி வைக்கவில்லை. ஃபீட் பம்போடு இருக்கும் சின்னச் சல்லடை இதைப் பிடித்திருக்க வேண்டும். அதைக் கழற்றிப் பார்த்தால் ஓரத்தில் கிழிந்திருந்தது. பில்டரை இரண்டு முறை மாற்றிய நான், அந்தச் சல்லடையை ஒரு முறைகூடக் கழற்றியதில்லை.

இந்த இடத்தில் எனக்கு ஓர் ஆசை வந்தது. உமி போய்விட்டது, ஒரு ஸ்பிரிங் வாங்கிப் போட்டால் வண்டி ஓடும், லோடு நேரத்துக்குப் போய்ச் சேரும். சொன்னேன். பாய் பதில் சொல்லாமல் பம்பை மறுபடியும் பூட்டினார். உள்வாயில் டியூபை மாட்டி, வெளிவாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு, மறு கையால் பிரைமரை அடித்தார். பம்பின் அடிப்பக்கம், கேமின் தள்ளலை வாங்கிக்கொள்ளும் மெல்லிய தண்டு வெளியே வரும் இடத்தில், டீசல் முத்து முத்தாக அரும்பியது. துடைத்தார், மறுபடி அரும்பியது.

"டிப்ஸ்டிக்கை எடு, தம்பி."

எடுத்தேன். ஆயில் மேல் கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. ஓடுகிற எஞ்சினில் ஆயில் குறையும், ஏறாது. அவர் ஒரு சொட்டை விரலில் வைத்து உருட்டி, என் மூக்கருகே நீட்டினார். டீசல்.

தேய்ந்த தண்டு வழியாகக் கசிந்த டீசல் எஃப்ஐபியின் அடி அறைக்குள் போகிறது. என் வண்டியில் அந்த அறையில் ஓடுவது எஞ்சின் ஆயில். அங்கிருந்து நேராக, எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குப் போய்விடுகிறது. பம்புக்கெனத் தனி ஆயில் வைத்த வண்டிகளில் அந்த ஆயில் கெடும். இரண்டில் எதுவானாலும் ஆயில் நீர்த்துப்போகும், பேரிங்குகளைக் காக்க வேண்டிய படலம் மெலிந்துபோகும். இழுவை இல்லாத வண்டியை ஓட்டிக்கொண்டு இன்னும் ஒரு மாதம் காலம் தள்ளியிருப்பேன். பேரிங் போயிருந்தால் எஞ்சினையே இறக்க வேண்டும். மார்கழியில் அப்பா மூக்கில் வைத்த துணி என் கண்முன் வந்தது. அவர் சொன்னதைக் கேட்டிருந்தால் இந்த ஆயில் அன்றைக்கே மாறியிருக்கும்.

புதிய பம்ப் என்று முடிவானது. கிளீனர் தம்பியை வண்டிக்குக் காவல் வைத்துவிட்டு, பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போனேன். பழைய பம்பைத் துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன். அதன் உடலில் குத்தியிருக்கும் எண்ணைப் பார்த்து அதே எண்ணை வாங்க வேண்டும் என்பது பாயின் கண்டிப்பான உத்தரவு. கடையில் "மைக்கோ ஃபீட் பம்ப்" என்றுதான் கேட்டேன். 1951இல் பெங்களூரில் தொடங்கிய மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் சுருக்கப் பெயர் அது. 2008இல் அந்த நிறுவனம் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது. டெல்டாவில் எந்த மெக்கானிக்கும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. பாதி விலைக்கு இன்னொரு பெட்டியும் மேசைக்கு வந்தது. அதைத் திறந்து பிரைமர் குமிழைச் சுழற்றிப் பார்த்தேன், மரை கரகரத்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன். அறுவடைக் காலத்தில் பணமுடை எல்லோருக்கும் உண்டு. ஆனால் எஞ்சின் ஆயிலுக்கும் டீசலுக்கும் நடுவில் நிற்கும் ஒரு தடுப்பு இந்தப் பம்பின் தண்டு. அங்கே பாதி விலை பார்க்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புதிய கேஸ்கெட், காப்பர் வாஷர்கள், சல்லடை, ஆயில், ஆயில் பில்டர் எல்லாம் வாங்கிக்கொண்டு திரும்பும்போது மணி மூன்று. மேகம் இன்னும் கிழக்கிலேயே நின்றிருந்தது.

மாட்டுவது கழற்றுவதைவிடச் சுலபம், ஆனால் அதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பழைய கேஸ்கெட்டின் தோலை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும். சுரண்டியது உள்ளே விழாமல் துளையில் துணி அடைத்துக்கொள்ள வேண்டும், பிறகு துணியை எடுக்க மறக்கக் கூடாது. தண்டிலும், கேமைத் தொடும் தள்ளியிலும் எஞ்சின் ஆயில் தடவி உட்கார வைக்க வேண்டும். மூன்று நட்டுகளையும் ஒன்றை முழுதாக இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாமல், சுற்று முறையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். குழாய் இணைப்பு போல்ட்டின் இரு பக்கமும் காப்பர் வாஷர் புதிது. புதிது கிடைக்காத இடத்தில் பழையதை நெருப்பில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் செம்பு மறுபடியும் இளகும், பிடித்துக்கொள்ளும். பாயின் பையில் அப்படிக் காய்ச்சிய வாஷர்கள் ஒரு கயிற்றில் கோத்துக் கிடந்தன.

அடுத்து ஏர் எடுப்பது, அதாவது டீசல் வழியில் புகுந்த காற்றை வெளியேற்றுவது. பில்டரின் மேல் உள்ள திருகைத் தளர்த்திவிட்டு, பிரைமரை அடிக்க வேண்டும். முதலில் வெறும் காற்று. பிறகு சோப்பு நுரை போல வெள்ளையாக வரும். நுரை அடங்கி, கண்ணாடி போலத் தெளிந்த டீசல் கம்பியாக வரும் வரை அடித்து, டீசல் வந்துகொண்டிருக்கும்போதே திருகை மூட வேண்டும். பிறகு எஃப்ஐபியின் திருகிலும் அதே முறை. புதிய பிரைமரில் கை வைத்தபோதே வித்தியாசம் தெரிந்தது. பழையது கஞ்சிக்குள் அகப்பையை விட்டது போலத் தொளதொளவென்று போகும். இது பத்தாவது அடியிலேயே கையை எதிர்த்து நின்றது. எல்லாம் முடிந்ததும் பிரைமர் குமிழைக் கீழே அழுத்தி மரையில் இறுக்கிப் பூட்ட வேண்டும். பூட்டாமல் விட்டால் அதன் வழியே காற்று உள்ளே வரும், புதிய பம்ப் போட்டும் பழைய நோய் என்று புலம்ப வேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது புதிய வண்டியில் ஸ்பேனரைப் போட்டுவிடக் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் வந்த, பாரத் ஸ்டேஜ் 6 என்ற புகை விதிப்படி செய்த டீசல் வண்டிகள் காமன் ரயில் முறையில், அதாவது எல்லா நாசிலுக்கும் பொதுவான ஓர் உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் முறையில் ஓடுபவை. அவற்றின் உயர் அழுத்தக் குழாய்களில் ஆயிரம் பாரையும் தாண்டிய அழுத்தம் இருக்கும். எஞ்சின் ஓடும்போது அந்த இணைப்பைத் தளர்த்தினால் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கும். ஏர் எடுக்கும் முறையும் அங்கே வேறு. நான் சொல்வது வரிசைப் பம்ப் வைத்த பழைய எஞ்சின்களுக்கு மட்டும்.

ஆயிலை இறக்கினோம். கருப்பாக, தண்ணீர் போலச் சளசளவென்று விழுந்தது. புதிய ஆயில் ஊற்றி, பில்டர் மாற்றி, பாய் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். செல்ஃப் போட்டேன். இரண்டாவது சுற்றில் பிடித்தது. கிளீனர் தம்பி பிரைமர் பக்கத்திலேயே நின்றிருந்தான், அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினேன். எஞ்சின் ஒரே மூச்சில் ஏறியது. பாய் எல்லா இணைப்பையும் காய்ந்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, துணியைப் பார்த்து, மறுபடியும் துடைத்தார். கூலி கேட்டபோது அவர் சொன்ன தொகை அவருடைய அந்த நாளுக்குப் போதாது. கூட வைத்துக் கொடுத்தேன். சல்லடையை மாதம் ஒரு முறை கழற்றிக் கழுவு என்றும், அடைமழைக் காலத்தில் இரவு நிறுத்தும்போது டேங்கைப் பாதியாக வைக்காதே, காலியிடத்துக் காற்றின் ஈரம் தண்ணீராகி டீசலுக்கு அடியில் தங்கும் என்றும் சொல்லிவிட்டு, கேனை வண்டியில் கட்டிக்கொண்டு போனார்.

சரக்கு ரயில் அடிக்கு நாங்கள் போனபோது மாலை ஐந்தரை. ரயில் இன்னும் நின்றிருந்தது. சுமைதூக்கும் தொழிலாளர்கள் கடைசிப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். என் சிப்பங்கள் இறங்கி முடியவும் தூறல் ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது. இந்த நெல்லை விளைவித்தவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். கொள்முதல் நிலைய வாசலில் குவியலுக்குப் பக்கத்திலேயே பாய் விரித்துப் படுத்து நாட்களைக் கழித்தவர்கள். அவர்கள் கணக்கில் நெல் போன வாரமே போய்விட்டது. என் கணக்கில் அது அந்தப் பெட்டிக்குள் ஏறிய நிமிடம்தான் போனது.

அந்த உமிச் சிராயைத் தீப்பெட்டி ஒன்றில் போட்டு டேஷ்போர்டில் வைத்திருக்கிறேன். கேனில் டீசல் ஊற்ற வேண்டிவந்தால் கிளீனர் தம்பி இப்போது வேட்டித் துணியை நாலாக மடித்து வாயில் கட்டிவிட்டுத்தான் ஊற்றுகிறான்.

பத்து நாள் கழித்து, வண்டியை வாசலில் நிறுத்தி டிப்ஸ்டிக்கை எடுத்தேன். ஆயில் இரண்டு கோட்டுக்கும் நடுவே, ஊற்றிய அளவிலேயே நின்றது. துணியில் துடைத்து, திண்ணையில் இருந்த அப்பாவின் கையில் நானாகவே கொடுத்தேன். மூக்கில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஆயில்தான்" என்றார்.